காப்பிச் செடி என்று பெயர் வந்த ஓடைப் பாசி: ஒரு மரபணு ஆய்வகச் சேவையைப் பற்றி

பழனி மலையில் இருந்துகொண்டு ஒரு பாசியின் மரபணுவைப் படித்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இரண்டு வழிகளே உண்டு. சமவெளியில் உள்ள பல்கலைக்கழகத் துறை ஒன்றில் தெரிந்தவர் யாரையாவது பிடித்து, அவருடைய ஆய்வு மாணவருக்கு ஒழிவு கிடைக்கும்வரை காத்திருக்கலாம். இல்லையென்றால், மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டித் தனியார் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பலாம். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், முதல் வழியில் ஏழு மாதம் காத்திருந்து அலுத்த பின் இரண்டாவது வழிக்கு வந்தேன். தாண்டிக்குடி சாலையில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்து ஓடையில் எடுத்த பாசிகளைக் கடந்த குளிர்காலத்தில் மூன்று தவணையாக அனுப்பினேன். ஆய்வகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் விசாரித்த வேறு இரண்டு இடங்களிலும் இதே பேக்கேஜைத்தான் இதே சொற்களில் சொன்னார்கள். ஆகவே நான் கண்ட நிறைகுறைகளை ஓரிடத்துக்கு மட்டும் உரியவையாக நினைக்க வேண்டியதில்லை.

விற்கப்படும் சேவை இதுதான். உலர்ந்த மாதிரி ஒன்றுக்கு 2,800 ரூபாய். ஜிஎஸ்டி 18 விழுக்காடு தனி. அதற்கு அவர்கள் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, ஒரு மரபணுவை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்கி, இரு முனைகளிலிருந்தும் அதன் கார வரிசையை (டிஎன்ஏவின் எழுத்து வரிசையை)ப் படித்து, பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டு, கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு பெயரைப் போட்டு, பிடிஎஃப் அறிக்கையாக அனுப்புகிறார்கள். பதினைந்து வேலை நாள் என்று சொன்னார்கள். முதல் தவணை பதின்மூன்றாம் நாளே வந்தது. பெட்டி கட்டுவதிலும் தகவல் சொல்வதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருகு மூடிக் குழாய்களையும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளையும் அவர்களே முன்கூட்டி அனுப்பிவைத்தார்கள். பெட்டி வத்தலகுண்டு தாண்டியதும் ஒரு குறுஞ்செய்தி, ஆய்வகம் சேர்ந்ததும் இன்னொன்று என்று தவறாமல் வந்தது. இந்த மலையில் மருந்துக் கடைக்கு வரும் சரக்குக்குக் கூட இந்த ஒழுங்கு கிடையாது.

பாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோலைக் காட்டுக்குள் ஓடும் ஓடைகளில் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால், தோட்டக்காரரின் சம்மதத்தோடு அவருடைய நிலத்துக்குள் பாயும் ஓடையையே எடுத்துக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, செம்மண் கலங்கல் தெளிந்து, தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் இவ்வகைப் பாசிகள் கண்ணில் படும். சில்வர் ஓக் நிழல் விழும் இடத்தில், வேகமாக நீர் வழியும் பாறையின் பக்கவாட்டில், விரல் நீளத்துக்குக் குழைவான இழைகள் ஆடிக்கொண்டிருந்தன. கையில் எடுத்தால் இழுபடும் வழவழப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நூலில் கோத்த மிகச் சிறிய மணிகள். உடன் வந்த தோட்டத் தொழிலாளி, "அது தவளைச் சினைம்மா, தொடாதீங்க" என்றார். இவ்வகைப் பாசிக்கு வைத்த பேட்ராகோஸ்பெர்மம் என்ற கிரேக்கப் பெயருக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். 1797இல் அந்தப் பெயரை வைத்தவரின் கண்ணுக்கும் இவருடைய கண்ணுக்கும் ஒரே உருவம் தெரிந்திருக்கிறது.

இந்த இழைகள் சிவப்பாக இல்லை. மங்கிய ஆலிவ் பச்சை. சிவப்புப் பாசி என்றால் மண்டபம் கடற்கரையில் காணும் கருஞ்சிவப்பையே நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்தப் பெரும் பிரிவின் அடையாளம் கண்ணுக்குத் தெரியும் நிறம் அன்று. நன்னீரில் வாழும் சிற்றினங்கள் இப்பிரிவில் மிகச் சிறு பங்கே. அவற்றில் சிவப்பு நிறமியோடு நீல நிறமியும் பச்சையமும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதால் பச்சை, நீலம், சாம்பல் என எந்த நிறமும் வரலாம். இவை சேர்த்து வைக்கும் மாவுச்சத்தான புளோரிடியன் தரசம் அயோடினில் பச்சைத் தாவரங்களின் தரசத்தைப் போலக் கருநீலமாகாமல் செம்பழுப்பாக மாறும்; வாழ்க்கையின் எந்தக் கட்டத்திலும், ஆண்செல்லில்கூட, கசையிழை இருக்காது. என் இழைகள் அயோடினில் செம்பழுப்பாகவே மாறின. ஆகவே, அனுப்புவது சிவப்புப் பாசி என்பது எனக்குத் தெரியும். அது எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்பதற்குத்தான் பணம் கட்டினேன்.

முதல் தவணையில் ஒரே செடியின் இரண்டு துண்டுகளை இரண்டு குழாய்களில் அனுப்பினேன். அறிக்கை வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர்: காஃபியா அராபிகா. ஒற்றுமை 100 விழுக்காடு.

ஓடையில் மிதந்த தவளைச் சினைக்குக் காப்பிச் செடி என்று பெயர் போட்டு, அடியில் ஆய்வாளரின் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. தொலைபேசியில் பேசிய இளைஞர் மிக மரியாதையாக, "மேடம், நூறு விழுக்காடு ஒற்றுமை வந்திருக்கிறதே, இதைவிடத் தெளிவான முடிவு எங்களுக்கே அதிகம் கிடைப்பதில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. குழாயில் காப்பிச் செடியின் டிஎன்ஏ இருந்தது உண்மை. கரையில் நின்ற செடிகளிலிருந்து உதிர்ந்த இலைத் துணுக்கோ பூந்தாதுவோ பாசியின் வழவழப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். நான் எவ்வளவு தூரிகை போட்டுக் கழுவியும் அது போகவில்லை. ஆனால் குழாயில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு பாசி இருக்க, ஒரு பங்கு காப்பி மட்டும் ஏன் பேசியது என்பதே கேள்வி.

அதற்கு விடை பிரைமரில் இருக்கிறது. பிசிஆரில் ஒரு மரபணுவைப் பெருக்க வேண்டுமானால், அதன் இரு ஓரங்களிலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய சிறு டிஎன்ஏ துண்டுகள் தேவை, அவையே பிரைமர்கள். தாவர அடையாளம் என்ற பேக்கேஜில் ஆய்வகம் வழக்கமாகப் போடுவது நிலத் தாவரங்களுக்கென வடிவமைத்த பிரைமர்களை. அவை குறிவைக்கும் மரபணு ஆர்பிசிஎல். ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியின் பெரிய பகுதிக்கான குறிப்பு அதில்தான் உள்ளது. அதே பெயருள்ள மரபணு சிவப்புப் பாசியிலும் இருக்கிறது என்பதால் எல்லாம் சரியாக வரும் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் பச்சைத் தாவரங்களின் ஆர்பிசிஎல்லும் சிவப்புப் பாசிகளின் ஆர்பிசிஎல்லும் வேறு வேறு பாக்டீரியக் கிளைகளின் வடிவங்களை ஒத்தவை. பச்சைத் தாவரங்களுடையது நீலப்பசும் பாசிகளின் வழியில் வந்தது. சிவப்புப் பாசிகளுடையது புரோட்டியோபாக்டீரியா என்ற வேறொரு கூட்டத்தின் வடிவத்தோடு நெருக்கமானது. இரண்டும் செய்யும் வேலை ஒன்று, எழுத்து வேறு. நிலத் தாவரப் பிரைமர் பாசியின் மரபணுவில் ஒட்ட இடமின்றி அலைந்து, காப்பித் துணுக்கைக் கண்டதும் அதில் ஒட்டி, அதையே கோடிக்கணக்கில் பெருக்கிவிட்டது. படிவத்தில் 'மாதிரியின் வகை' என்ற இடத்தில் நான் 'சிவப்புப் பாசி, நன்னீர்' என்று தெளிவாக எழுதியிருந்தேன். அதைப் படித்து ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய இடத்தில் ஆளில்லை. இந்தச் சேவையின் முதல் பெரிய குறை இது.

அதன் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டவே வேண்டும். சிவப்புப் பாசிகளுக்கென 1994 முதல் ஆய்வாளர்கள் பயன்படுத்திவரும் பிரைமர் வரிசைகளை நான் எழுதி அனுப்பினேன். அவற்றைச் செய்து வாங்கும் செலவை என் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மீண்டும் செய்யும் வேலைக்குப் பாதிக் கட்டணம் போதும் என்றார்கள். அதுவே இரண்டாம் தவணை. முழுமையாக 1,467 காரங்கள் கொண்ட இந்த மரபணுவை ஒரே ஓட்டத்தில் படிக்க முடியாது. ஓர் ஓட்டத்தில் 700, 800 காரங்களே தெளிவாக வரும். ஆகவே இரு பக்கமும் படித்து நடுவில் பொருத்தினார்கள். நல்ல தரத்தில் 1,260 காரங்கள் கிடைத்தன. ஒரு குழாயில் மட்டும், ஒவ்வொரு காரத்தையும் ஒரு சிகரமாகக் காட்டும் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் எழுந்து ஒன்றன்மேல் ஒன்று நின்றன. அதைப் பார்த்துக் கண்டுபிடித்து, 'இந்த மாதிரியில் இரண்டு உயிர்கள் கலந்திருக்கலாம்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள். உண்மைதான், அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது இழை நெடுக டயாட்டம்கள் என்ற ஒற்றைச் செல் நுண்பாசிகள் நீள்வட்டமாக, எறும்பு மொய்த்தது போல ஒட்டியிருந்தன. டயாட்டம்களில் ஒளிச்சேர்க்கை நடக்கும் கணிகம், ஏதோ ஒரு பழங்காலத்தில் விழுங்கப்பட்ட சிவப்புப் பாசியிலிருந்து வந்தது. அதனால் அவற்றின் ஆர்பிசிஎல்லும் சிவப்பு வழி. பச்சைப் பிரைமர் போட்டால் காப்பி, சிவப்புப் பிரைமர் போட்டால் டயாட்டம் என்று இந்தப் பாசிக்குத் தன் பெயரைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காமல் போகவிருந்தது. மற்றக் குழாய் சுத்தமாக இருந்தது.

அந்தச் சுத்தமான வரிசைக்கு வந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பேட்ராகோஸ்பெர்மம் என்ற பேரினமும், அதனோடு தென் அமெரிக்காவிலிருந்து பதிவான ஒரு சிற்றினத்தின் பெயரும் தடித்த எழுத்தில் இருந்தன. ஒற்றுமை 93 விழுக்காடு. படிக்கிறவர் பரீட்சை மதிப்பெண்ணை நினைத்துக்கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மோசமில்லையே என்று எண்ணக்கூடும். 1,260 இடங்களில் ஏறக்குறைய 88 இடங்கள் மாறியிருக்கின்றன என்பதே அதன் பொருள். இந்தக் கூட்டத்தில் ஒரே சிற்றினத்துக்குள் இந்த மரபணு பொதுவாக ஓரிரு விழுக்காட்டுக்கு மேல் வேறுபடுவதில்லை. ஆகவே அந்த அறிக்கை சொல்லக்கூடிய உண்மை, 'உங்கள் பாசியை ஒத்த வரிசை தரவுத்தளத்தில் இல்லை. இருப்பவற்றில் கிட்டத்தில் நிற்பது இது' என்பது மட்டுமே. அப்படி எழுதாமல் சிற்றினப் பெயரை எழுதியது இரண்டாவது குறை. எனக்கு முதலாவதைவிட இதுவே பெரிதாகப் படுகிறது. காப்பி என்று வந்தால் யாரும் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இந்தப் பெயரோ ஆய்வேட்டிலும் பட்டியலிலும் ஏறி, பழனி மலையில் தென் அமெரிக்கச் சிற்றினம் வளர்கிறது என்று நிலைத்துவிடும்.

பேரினப் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதைக் கண்டுகொள்ள மரபணு அறிக்கையை மூடி வைத்துவிட்டு நுண்ணோக்கிக்குப் போக வேண்டியிருந்தது.

சிவப்புப் பாசிகளை வகைப்படுத்துவதில் வெளி உருவத்தை நம்ப முடியாது என்பது பழைய பாடம். கிளைத்திருப்பது, தட்டையாக இருப்பது, மணி கோத்தது போலிருப்பது எல்லாம் நீரோட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப மாறும். 1883இல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் ஷ்மிட்ஸ், கருவுற்ற பின் பெண்ணுறுப்பில் என்ன நடக்கிறது என்பதே இவற்றின் உறவுமுறையைக் காட்டும் என்று சொன்னார். கார்போகோனியம் என்ற பெண் செல் எந்தக் கிளையில் தோன்றுகிறது, கருவுற்ற உட்கரு அங்கேயே தங்கி இழைகளை விடுகிறதா அல்லது துணைச்செல் ஒன்றுக்கு மாற்றப்பட்டு அங்கிருந்து வளர்கிறதா, அந்தத் துணைச்செல் கருவுறுதலுக்கு முன்பே உருவாகிறதா பின்பா என்ற கேள்விகளை வைத்து அவரும், அவருக்குப் பின் ஸ்வீடனின் ஹரால்ட் கைலினும் முழு ஒழுங்கையும் கட்டினார்கள். கைலினின் பெருநூல் அவர் மறைவுக்குப் பின் 1956இல் வெளிவந்து, ஒரு தலைமுறைக்கு மேல் எல்லோருக்கும் அதுவே சட்டமாக இருந்தது.

நம் கடற்கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். ராமநாதபுரம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இரண்டுமே அகர் என்ற கூழ்ப்பொருளைத் தருபவை. வியாபாரிக்கு இரண்டும் அகர்ப் பாசி. ஆனால் உறவில் இரண்டும் வெவ்வேறு துறைகள். கஞ்சிப்பாசி அடங்கிய கிராசிலேரியா கூட்டத்தைக் கைலின் வழியில் வந்தவர்கள் வேறொரு பெரிய துறைக்குள் வைத்திருந்தார்கள். அதில் உண்மையான துணைச்செல்லே இல்லை, கருவுற்ற கார்போகோனியம் பக்கத்து மலட்டுச் செல்களோடு கலந்து பருத்துத் தானே வளர்கிறது என்று காட்டி, 1989இல் ஃபிரெடரிக்கும் ஹோமர்சாண்டும் அதைத் தனித் துறையாக்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1994இல், ஆர்பிசிஎல் வரிசைகளைக் கொண்டு வரைந்த முதல் பெரிய சிவப்புப் பாசி உறவு மரமும் அதைத் தனிக் கிளையாகவே காட்டியது. (அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியருக்குக் குடும்பப் பெயர் ஃபிரெஷ்வாட்டர், அவர் ஆராய்ந்ததோ கடற்பாசிகளை. வகுப்பில் மாணவர்கள் தூங்கும்போது இதைச் சொல்லி எழுப்புவேன்.) ஆனால் எல்லா இடத்திலும் இப்படி மரபணுவும் கண்ணும் ஒத்துப்போகவில்லை. மரபணு மரம் வந்த பின் கைலினின் பல வீடுகளில் சுவர் இடிக்க வேண்டியிருந்தது. பேட்ராகோஸ்பெர்மம் அவற்றில் ஒன்று.

என்னிடம் இருப்பது கல்லூரியில் ஏலம் போட்டபோது வாங்கிய பழைய கூட்டு நுண்ணோக்கி. ஓடையிலிருந்து வந்த அன்றே ஒரு பகுதியைச் சிலிக்காவுக்கும், ஒரு பகுதியை ஃபார்மலினுக்கும், ஒரு செடியை, உலர்த்தி ஒட்டிவைக்கும் ஹெர்பேரியத் தாளுக்கும் பிரித்துவிட்டேன். இது முக்கியம்: ஃபார்மலினில் போட்டதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு, சிலிக்காவில் சுருங்கிக் காய்ந்ததில் பெண்ணுறுப்பைத் தேடுவதும் பெரும்பாடு. இரண்டும் ஒரே செடியிலிருந்து வர வேண்டும். ஆய்வகத்தின் வழிகாட்டித் தாளில் சிலிக்காவைப் பற்றி மட்டும் இருக்கிறது. மீதியை எடுத்து வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் அவர்களுக்குச் செலவு ஒன்றும் ஆகாது.

இழையில் ஒரு மணியைக் கிள்ளி, அனிலின் நீலம் தோய்த்து, கண்ணாடித் தகடு மூடி, பென்சிலின் மொட்டை முனையால் மெல்லத் தட்டினால் மணி பிரிந்து விசிறியாக விரியும். நடுவில் அச்சு, அதைச் சுற்றிச் சிறு செல்களாலான கிளைக்கொத்துகள். கொத்துகளின் நுனியில் நிறமற்ற உருண்டைகள் ஆண் செல்களைத் தருபவை; அவை சுலபமாகக் கிடைக்கும். பெண்ணைத் தேடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். முதல் இரண்டு மாலையும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள், நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில், கொத்தின் அடியில் மற்றச் செல்களைவிடக் குட்டையான, பீப்பாய் போன்ற ஏழெட்டுச் செல்கள் வரிசையாகக் கோத்த ஒரு கிளை தெரிந்தது. அது நேராக நிற்கவில்லை. இங்கே வேலியெங்கும் ஏறும் சௌசௌக் கொடியின் பற்றுக்கம்பியைப் போல ஒரு சுற்றுச் சுற்றித் திருகி நின்றது. அதன் நுனியில் கார்போகோனியம். அதற்கும் மேலே, ஆண் செல் வந்து ஒட்டும் ட்ரைக்கோகைன், குண்டாந்தடி வடிவத்தில் வீங்கியிருந்தது. ஒரு ட்ரைக்கோகைனில் உருண்டையான ஆண் செல் ஒன்று ஒட்டியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது.

திருகிய அந்தக் கிளைதான் பேரினச் சிக்கலை அவிழ்த்தது. பேட்ராகோஸ்பெர்மம் என்று பழைய நூல்கள் சொல்வது ஒரே கூட்டம் அன்று, இடையில் வேறு பேரினங்கள் புகுந்து நிற்கும் கலவை என்று மரபணு மரங்கள் காட்டிவந்தன. பெண் கிளை நேராக நிற்காமல் வளைந்தோ திருகியோ இருந்தவை அதன் உட்பிரிவுகளாக நெடுங்காலம் இருந்தன. மரத்தில் அவை ஒன்றாகச் சேர்ந்து தனிக் கிளையாக விழுந்ததால், 2009இல் அவற்றைப் பிரித்துக் குமனோவா என்ற புதிய பேரினமாக்கினார்கள். ஜப்பானியப் பாசியியலாளர் ஷிகெரு குமனோவைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. தரவுத்தளத்தில் பதிவாகும் வரிசைகள் பதிவு செய்தவர் வைத்த பழைய பெயரோடு தங்கிவிடுவது உண்டு. என் அறிக்கையில் 93 விழுக்காட்டில் நின்ற வரிசை அப்படிப்பட்டது. அதற்குக் கீழே இருந்த அடுத்த நான்கு வரிசைகளும் குமனோவா என்ற பெயரில் 92 விழுக்காட்டில் நின்றன. அறிக்கை எழுதியவர் முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை. நானே அந்த வரிசைகளைப் பதிவிறக்கி, பேட்ராகோஸ்பெர்மம், அதன் உறவுப் பேரினமான சைரோடோஷியா ஆகியவற்றின் வரிசைகளையும் சேர்த்து ஒரு மரம் வரைந்து பார்த்தபோது, என் பாசி குமனோவாக் கிளைக்குள் சென்று அமர்ந்தது. நுண்ணோக்கியில் கண்ட திருகலும் அதையே சொல்கிறது. சிற்றினம் எது என்பதை இப்போது முடிவு செய்ய மாட்டேன்.

இதுவரை படித்தவர்கள், நுண்ணோக்கி இருக்கும்போது ஆய்வகத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்கலாம். மூன்றாம் தவணை அதற்குப் பதில்.

அதே ஓடையில், அந்த இழைகள் வளர்ந்த பாறைகளின் நிழல் பக்கத்தில், ஓரிரு மில்லிமீட்டர் உயரமுள்ள நீலச்சாம்பல் குஞ்சங்கள் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தன. நுண்ணோக்கியில் வெறும் கிளைத்த இழைகள். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை; நுனிகளில் சில ஒற்றை வித்துகள் மட்டும். இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தேர்ந்தவராலும் பெயர் சொல்ல முடியாது. ஆடோயினெல்லா என்ற தனிப் பேரினமாக இருக்கலாம். பேட்ராகோஸ்பெர்மம் கூட்டத்தின் இரட்டைமடியப் பருவமான (செல்லில் குரோமோசோம் தொகுப்பு இரண்டு உள்ள பருவமான) சான்ட்ரான்சியாவாகவும் இருக்கலாம். அந்தப் பருவத்தில்தான் தொகுப்பைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு நடந்து, சான்ட்ரான்சியா இழையின் மேலேயே ஒற்றைமடியச் செடி முளைத்து எழும். பிரெஞ்சுக்காரரான சிரோடோ 1884இல் வெளியிட்ட பெருநூலில் இந்த உறவை விரிவாக வரைந்து காட்டியிருக்கிறார். வேறு சான்றின்றி ஓடையில் எடுத்த ஒரு குஞ்சம் எந்தச் செடியின் பருவம் என்று சொல்வதற்கு அந்தக் காலத்தில் வழியில்லை. கடலில் இதே கதை 1949இல் நடந்தது: கிளிஞ்சலுக்குள் துளைத்து வாழும் கான்கோசெலிஸ் என்ற தனிப் பாசி, உண்ணும் பாசியான போர்ஃபைராவின் மறுபருவமே என்று கேத்லீன் ட்ரூ கண்டுபிடித்தார். அவர் அதை வளர்த்துப் பார்த்துக் கண்டார். என்னிடம் வளர்ப்பு அறை இல்லை.

எனவே குஞ்சத்தை இரண்டு குழாய்களில் அனுப்பினேன். மூன்றாவதாகச் சிலிக்கா மணிகள் மட்டும் போட்ட வெற்றுக் குழாய் ஒன்றையும், எண் மட்டும் ஒட்டி, அதே கட்டணம் கட்டிச் சேர்த்தேன். குஞ்சத்தின் வரிசை முந்தைய செடியின் வரிசையோடு ஒத்துவந்தால், அது உண்மையான ஒற்றுமையா, ஆய்வக மேசையில் பழைய மாதிரி சிந்தியதன் விளைவா என்று எனக்கே சந்தேகம் வரும் அல்லவா? வெற்றுக் குழாய்க்கு 'பெருக்கம் இல்லை' என்று நேர்மையாக எழுதி அனுப்பினார்கள். இரண்டு குஞ்சங்களின் வரிசைகளும், படித்த 1,260 காரங்களில் ஓர் எழுத்தும் மாறாமல், திருகிய கிளையுள்ள செடியோடு ஒத்தன. பிறகு எஞ்சிய குஞ்சங்களைத் தகடு தகடாகப் பார்த்ததில், ஒன்றின் நடுவில் மூன்று நான்கு மணிகள் மட்டும் கட்டிய குட்டிச் செடி ஒன்று, சான்ட்ரான்சியா இழையில் காலூன்றி நிற்பதைக் கண்டேன். அதற்கு முன்னும் அது அங்கே இருந்திருக்கும்; தேட வேண்டும் என்று எனக்குச் சொன்னது ஆய்வகம் அனுப்பிய வரிசை.

ஆகவே இந்தச் சேவையிடமிருந்து வரிசையை வாங்கலாம், பெயரை வாங்க வேண்டாம். வரிசையைப் படிப்பதில் அவர்கள் கை சுத்தமானது. இரட்டைச் சிகரத்தை மறைக்காமல் சொன்னதும், வெற்றுக் குழாயை வெற்று என்று சொன்னதும் எனக்கு அதைக் காட்டின. பெயர் போடும் கடைசிப் பக்கம் மட்டும் யாரும் யோசிக்காமல் இயந்திரம் துப்பும் பக்கம். அனுப்புகிறவர்கள் படிவத்திலேயே எந்தப் பிரைமர் வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். அறிக்கையோடு மூல வரைபடக் கோப்புகளையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கூடுதல் கட்டணமின்றித் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. முதுகலை மாணவர்கள் திட்டப் பணிக்காக ஒரு குழாய் அனுப்பி, வந்த பெயரை அப்படியே ஏட்டில் ஒட்டுவதற்கு இது ஏற்ற சேவை அன்று. அவர்களுடைய வழிகாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்கிறேன்.

எனக்கு மூன்று தவணைக்கும் சேர்த்து, வரியோடு 19,824 ரூபாய் ஆனது. பிரைமர் செலவு தனி. ஓய்வூதியக்காரிக்கு இது சிறு தொகை அன்று. காப்பிக்குக் கட்டிய பணத்தைக் கழித்தால் மீதி வீணில்லை. ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன். அந்தக் கடைசிப் பக்கத்தை நீக்கிவிட்டால் நாலரை. வரும் தை மாதம் தண்ணீர் தெளிந்ததும் அதே ஓடையின் மேல்பகுதியில் இன்னும் இரண்டு இடங்களில் எடுத்து, இதே ஆய்வகத்துக்கே அனுப்பப் போகிறேன். அதுவரை ஹெர்பேரியத் தாளின் ஓரத்தில் பென்சிலால் 'குமனோவா. சிற்றினம் பிறகு' என்று எழுதியிருக்கிறது.